வெடியொலியும் ஒரு சிறுவனும்

நேயர்களே, ஓட்டப் போட்டியைத் தொடக்கி வைக்கும் துவக்கின் ஓசையை நாம் யாவரும் கேட்டிருக்கின்றோம். கோட்டிலே குனிந்து நிற்கும் பிள்ளைகள் அந்த ஓசைக்குக் காத்திருப்பதும், அது கேட்டவுடன் பாய்வதும் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சிகள். அந்த ஓசை கேட்ட மாத்திரத்தில் ஒரு பிள்ளைக்கு வேறோர் இரவு நினைவுக்கு வருமாயின் என்ன செய்வது? இக்கேள்வியை உள்ளே வைத்து ஒரு நாவல் எழுதப்பட்டிருக்கின்றது. அமெரிக்க எழுத்தாளர் ஜேசன் றெனோல்ட்ஸ் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட "கோஸ்ற்" என்பது அதன் பெயர். பேய் அல்லது ஆவி என்று அதற்குப் பொருள் கூறலாம். இளையோருக்கான இலக்கியப் பிரிவில் அவ்வாண்டு அமெரிக்கத் தேசிய நூல் விருதின் இறுதிச் சுற்றுக்கு அது தெரிவு செய்யப்பட்டது. இளம் ஓட்டவீரன் ஒருவன் தன் பிள்ளைப் பருவத்தில் நேர்ந்த கொடுமையொன்றின் பிடியிலிருந்து மெல்ல மெல்ல விடுபடத் தொடங்குவதே அதன் கதை.

அமெரிக்க நகரத்துக் கறுப்பினச் சிறுவனின் கதைக்கும் மட்டக்களப்பு வாவிக் கரைக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். நான் பெரியகல்லாற்றைச் சேர்ந்தவன். எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு அதன் அமைப்பைச் சிறிது சொல்ல வேண்டும். மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக, இடையிலே நாடா போலக் கிடக்கும் மணற்றிட்டில் எங்கள் ஊர் இருக்கின்றது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அந்த வாவி தெற்கே கடலோடு கலக்கும் வாயிலும் கல்லாற்றை அடுத்தே உள்ளது. வடக்கே போவதானால் ஒரு பாலத்தைக் கடக்காமல் இயலாது. கடலைக் கண்டு அஞ்சி மேற்கே ஓடினால் வாவி வந்து மறிக்கும். ஓடித் தப்புவதற்கு நிலம் போதாத ஊர் என்று சொன்னால் மிகையன்று.

இத்தகைய ஊர்களில் ஓட வேண்டிய வேளைகள் பலமுறை வந்தன. 1978ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்துச் சூறாவளி தென்னைகளை முறித்துக் கூரைகளைப் பிடுங்கிச் சென்றது. அதன் பின் பல ஆண்டுகள் நீடித்த போர்க்காலத்தில் இம்மாவட்டத்துப் பிள்ளைகள் வெடியோசைகளின் நடுவிலே எழுத்துப் பயின்றார்கள். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் காலையிலே கடல் எழுந்து வந்தது. அன்று இலங்கை முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளில் ஐந்து வயதும் பத்து வயதுமாய் இருந்தவர்கள் இன்று பிள்ளைகளைப் பெற்றவர்கள், சிலர் ஆசிரியர்கள். எனவே அச்சத்திலிருந்து ஓடிய பிள்ளை என்ன ஆகின்றது என்னும் வினா எங்களுக்கு ஏட்டு வினா அன்று.

இனிக் கதைக்கு வருவோம். சிறுவனின் பெயர் காசில் கிறான்ஷோ. ஏழாம் வகுப்பு மாணவன். மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் இரவு, குடிவெறியில் இருந்த தந்தை கைத்துப்பாக்கியை எடுக்கின்றான். தாய் மகனைப் பற்றி இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடுகின்றாள். பின்னால் வெடி கேட்கின்றது. இருவரும் தெருமுனைக் கடையொன்றில் நுழைய, கடைக்காரர் சாள்ஸ் அவர்களைச் சாமான் அறையில் ஒளித்துக் காப்பாற்றுகின்றார். உள்ளே வந்தவர்களைப் பார்த்தபோது அவர் முகம் பேயைக் கண்டவர் முகம்போல் இருந்ததாம். அந்த முகத்தை நினைத்தே சிறுவன் தனக்குப் பேய் என்று பெயர் சூட்டிக்கொள்கின்றான். பேயறைந்தவன் என்று நாம் வழக்கில் சொல்வது பேயைக் கண்டு மிரண்டவனை. இச்சிறுவனோ மிரண்டவனாய் இருந்துகொண்டே பேயின் பெயரைத் தனதாக்குகின்றான். பிறரை மிரட்டுபவனாக இருந்தால் மிரள வேண்டியதில்லை என்று பிள்ளை மனம் கணக்குப் போடுகின்றது போலும்.

தந்தை சிறை சென்றுவிடுகின்றான். ஆபத்து நீங்கிவிட்டது. ஆயினும் தாயும் மகனும் தத்தம் படுக்கையறையில் உறங்குவதில்லை. வாசலுக்கு அண்மையிலே, முன்னறையிலே படுக்கின்றார்கள். மறுபடியும் ஓட நேர்ந்தால் விரைவில் ஓடலாம் அல்லவா! இந்நாவலில் என் மனத்தை மிகவும் பற்றிய இடம் இதுவே. ஆசிரியர் இதனை ஒரு சோகக் காட்சியாக நீட்டவில்லை. வீட்டில் மேசை எங்கே, கதிரை எங்கே என்று சொல்பவரைப்போலச் சொல்லிவிட்டு நகர்கின்றார். அச்சம் நெடுநாள் தங்கிவிட்ட வீட்டில் அது வீட்டுத் தளபாடங்களில் ஒன்றாகிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியுமா என்பது எனக்கு ஐயமே. கடற்பேரலைக்குப் பின் நெடுங்காலம் கடற்கரை வீட்டார் எத்தனை பேர் கடலுக்கு முகங்கொடுத்த யன்னலைத் திறவாமலே உறங்கினார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும் எவருக்கும் இந்த முன்னறைப் படுக்கை புரியும்.

ஒரு நாள் மாலை பூங்காவிலே ஓட்டக் குழுவொன்று பயிற்சி செய்வதைச் சிறுவன் காண்கின்றான். விலையுயர்ந்த உடை அணிந்த பையன் ஒருவன் மிடுக்காக ஓடுகின்றான். அவனைவிட நான் வேகமானவன் என்ற சினத்தினால், எவரும் அழைக்காமலே, தடத்துக்கு வெளியே அவனோடு ஓடிப் போட்டியிடுகின்றான் கோஸ்ற். பயிற்சி அளிப்பவர் புறோடி என்பவர். முன்னாள் ஒலிம்பிக் வீரரான அவர் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். அவர் சிறுவனைக் குழுவில் சேர்த்துக்கொள்கின்றார். ஓடுவதற்கு அவனுக்கு எவரும் பயிற்சி கொடுத்ததில்லை. அவனுக்கு அந்தப் பயிற்சியைத் தந்தது அந்த இரவு. அவனுடைய திறமை எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே அவன் துன்பமும் வந்தது; ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிட இயலாது. நாவலின் உயிர்நாடி இங்கே இருக்கின்றது.

இவ்விடத்தில் கதையை விட்டு உடலியலுக்குள் சிறிது புக வேண்டியிருக்கின்றது. திடீரெனப் பேரொலி ஒன்று எழுந்தால், அது என்னவென்று மனம் அறியுமுன்னரே கண் இமைக்கின்றது, கழுத்தும் தோளும் சுருங்குகின்றன, நெஞ்சு படபடக்கின்றது. இது திடுக்கீடு எனப்படும் பிறவிக் குணம். மூளையின் அடித்தண்டிலிருந்து எழும் இச்செயலுக்கு நம் அனுமதி தேவைப்படுவதில்லை. குறுந்தூர ஓட்டவீரர் தொடக்க ஒலிக்குக் காட்டும் விரைவிலும் இதே திடுக்கீட்டுக்குப் பங்குண்டு. ஒலி பெரிதாக இருந்தால் கால் சற்று முந்திப் பாய்கின்றது என்று ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கின்றார்கள். எட்டுத் தடங்கள் கொண்ட ஓடுபாதையின் அகலம் ஏறக்குறைய பத்து மீற்றர். ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீற்றர் செல்வது. எனவே ஒரு புறத்தில் நின்று வெடித்தால், கடைசித் தடத்து வீரருக்கு அது செக்கனின் நூற்றில் மூன்று பங்கு பிந்தியும் மெலிந்தும் கேட்கும். அதனாலேயே பெரும் போட்டிகளில் ஒவ்வொரு வீரருக்கும் பின்னால் ஒலிபெருக்கி வைக்கும் வழக்கம் வந்தது. ஒலி எழுந்து செக்கனின் பத்தில் ஒரு பங்கு கழியுமுன் கால் அசைந்தால் அது முறைதவறிய தொடக்கம். மனிதச் செவிக்கும் காலுக்கும் அதனினும் விரைந்த தொடர்பு இராதென்பது விதியின் கருத்து.

வீரர் பயின்று கூர்மையாக்கிக்கொள்ளும் இதே திடுக்கீடு, வெடிக்கு இலக்கான பிள்ளையிடத்தில் வேண்டாத வேளையிலெல்லாம் விழித்துக்கொள்கின்றது. கதவு அறைந்து சாத்தினால் போதும். கோயில் திருவிழாவிலே சீனவெடி கொளுத்தினால் போதும். ஆபத்து நீங்கிய செய்தி அறிவுக்குக் கிடைத்துவிட்டது, தசைக்குக் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இந்நிலையை விளக்குவதற்குத் தமிழிலே எழுதிய நூலுக்கு "மனவடு" என்று பெயரிட்டார். நல்ல சொல். வடு என்பது ஆறிய புண்ணின் அடையாளம். ஆயினும் தொட்டால் அங்கே தோல் வேறுவிதமாக உணரும்.

உடலில் பட்ட வடுவை உலகம் எளிதில் போற்றும் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகின்றது. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி வலக் காலில் ஊனமுற்றவர். 2016ஆம் ஆண்டு றியோ நகரில் நடந்த பாராலிம்பிக்கிலே 1.89 மீற்றர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். அவருடைய காலைப் பார்த்தவுடனே அவர் கடந்த தூரம் நமக்குத் தெரிகின்றது. கோஸ்ற் போன்ற பிள்ளையைப் பார்த்தாலோ இரண்டு நல்ல கால்களும் கெட்ட குணமும்தாம் தெரியும். பள்ளியிலே தன்னை ஏளனம் செய்த பையனை அவன் அடிக்கின்றான். பள்ளி அவனை இடைநிறுத்துகின்றது. ஆசிரியரின் ஏட்டிலே அவன் முரடன். அந்த ஏட்டில் எழுதியதும் பொய்யன்று என்பதை நாவலாசிரியர் மறைக்கவில்லை.

இனிச் சப்பாத்துக் கதை. குழுவில் மற்றவர்கள் ஓட்டத்துக்கென்றே செய்த சப்பாத்து அணிந்து வருகின்றார்கள். கோஸ்ற் தன் கனத்த சப்பாத்தின் கழுத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி இலேசாக்குகின்றான். பள்ளியிலே எல்லோரும் சிரிக்கின்றார்கள். மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் தாயிடம் புதிய சப்பாத்துக்குப் பணம் கேட்க அவன் துணியவில்லை. கடைக்குப் போகின்றான், வெள்ளி நிறச் சப்பாத்தொன்றைத் திருடிக்கொண்டு ஓடுகின்றான். பயிற்சியிலே எவரும் சிரிக்கவில்லை. ஏழ்மை ஒரு பிள்ளையைத் திருடனாக்கும் வழி எவ்வளவு குறுகியது என்பதை இந்தச் சில பக்கங்கள் கூறுகின்றன.

திருட்டு வெளிப்படும்போது புறோடி செய்வதே எனக்கு இந்நாவலில் மிகவும் பிடித்த செயல். அவர் சிறுவனை அந்தக் கடைக்கே அழைத்துச் செல்கின்றார். குற்றத்தைத் தன் வாயால் ஒப்புக்கொள்ளச் செய்கின்றார். விலையைத் தாமே கொடுக்கின்றார். குழுவிலிருந்து விலக்கிவிடவில்லை. கண்டிப்பையும் காவலையும் ஒரே செயலில் காட்டுவது பெரியவர்களுக்கே அரிது. அவருடைய தந்தையும் போதைக்கு அடிமையாயிருந்து மகனை அடித்தவர். அவருடைய உடைந்த பல் அதன் சாட்சி. தம் கதையை அவர் சொல்லும்போதுதான், அச்சத்திலிருந்து ஓடிவந்த வேறொருவரும் உலகத்தில் உயிரோடு இருக்கின்றார் என்பது சிறுவனுக்குத் தெரிய வருகின்றது. அதுவரை அவன் தன்னைத் தனியொரு பேய் என்றே நினைத்திருந்தான். புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகள் நால்வரும் உணவுச்சாலையொன்றில் கூடி ஆளுக்கோர் இரகசியம் சொல்லும் கட்டம் வருகின்றது. ஒருவனைப் பெறும்போதே தாய் இறந்திருக்கின்றாள். இன்னொருவன் பிறவியிலேயே தோல் வெளுத்தவன். கோஸ்ற் அன்றைக்குத்தான் அந்த இரவைப் பற்றி வாய் திறக்கின்றான். எவரும் அவனைக் கேள்வி கேட்டுக் கறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே நோக்கத்தோடு மட்டக்களப்பில் நடந்த ஒரு முயற்சியை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். போர் நடந்துகொண்டிருந்த 1996ஆம் ஆண்டில், இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்னும் பெயரால் சிறுவர்களுக்கு ஓரிடம் அமைத்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், ஆடினார்கள். என்ன நடந்தது என்று விசாரித்து எழுதிக்கொள்வதை அங்கே முதன்மையாக வைக்கவில்லை. சொல்ல விரும்பும் பிள்ளை தன் வேளை வந்தபோது மண்ணிலோ வண்ணத்திலோ சொல்லட்டும் என்று விட்டார்கள். ஓட்டத்தடத்தை அதற்குச் சமமாக வைக்கலாமா என்றால், நல்ல பயிற்றுநர் இருந்தால் வைக்கலாம் என்பேன். பயிற்றுநர் நல்லவராக இல்லாவிட்டால் அதே தடம் இன்னொரு கொடுமையின் இடமாகவும் ஆகக்கூடும்.

தமிழிலும் இத்தகைய கதை இல்லாமற் போகவில்லை. சி. சு. செல்லப்பாவின் "வாடிவாசல்" என்னும் குறுநாவலை நேயர்கள் பலர் வாசித்திருப்பீர்கள். பிச்சியின் தந்தை அம்புலி, காரி என்ற காளையிடம் குத்துண்டு மாண்டவர். தந்தையால் அணைக்க முடியாத அந்தக் காளையை அணைப்பதற்கென்றே செல்லாயி சல்லிக்கட்டுக்குப் பிச்சி வருகின்றான். அவனும் தந்தையின் துன்பத்தைத் தோளில் சுமந்து ஆடுகளத்தில் இறங்கிய இளைஞனே. காளையை அவன் வெல்கின்றான். முடிவிலே மானம் இழந்ததாகக் கருதிய சமீன்தார் தம் காளையைத் தாமே சுட்டு வீழ்த்துகின்றார். இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தோன்றும். செல்லப்பாவின் கதையில் வெடி எல்லாவற்றையும் முடித்து வைக்கின்றது. பழி தீர்ந்தது, காளையும் போயிற்று. பிச்சிக்கு எதிரே கொம்போடு ஒரு பகை நின்றது, தொட்டு அடக்கலாம். கோஸ்றுக்கு எதிரே அப்படி எதுவும் நிற்கவில்லை. அவனுடைய காரி சிறையில் இருக்கின்றது. அதனைத் தந்தையென்று நேசிக்கவும் செய்கின்றான். தந்தை விரும்பித் தின்ற சூரியகாந்தி விதைகளை மகனும் நாள்தோறும் வாங்கித் தின்கின்றான். தன்னைச் சுட்டவனின் பழக்கத்தை வாயிலே அடக்கிக்கொண்டு திரியும் பிள்ளையைக் கலை நயம் தெரிந்தவரே படைக்க முடியும்.

குறைகள் இல்லையா என்றால் உண்டு. புறோடி மிகவும் நல்லவராய் இருக்கின்றார். எத்தனை ஊரில் அத்தகையவர் கிடைப்பார்? தாயின் அச்சத்தை ஆசிரியர் மகனின் கண்வழியே மட்டும் காட்டுகின்றார். அவளும் அதே வாசலால் ஓடியவள்தானே? அவளுக்கு எந்தத் தடம்? அவளுடைய கதையைத் தனியே எழுதியிருந்தால் இன்னும் கனத்த நூலாகியிருக்கும். உளமருத்துவரின் உதவியைக் கதை பெரிதாகப் பேசாததும் குறையே; ஓடினால் எல்லாம் தீரும் என்று எவரும் எடுத்துக்கொள்ளலாகாது. உறக்கம் கெட்டு, உணவு கெட்டு, பேச்சு குறைந்த பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் விளையாட்டு மைதானத்துக்கு அனுப்பினால் போதாது.

ஆசிரியரைப் பற்றியும் ஒரு சொல். 1983இல் பிறந்த றெனோல்ட்ஸ், பதினேழு வயது வரை ஒரு புத்தகத்தையேனும் முழுமையாக வாசித்ததில்லை என்று தம்மைப் பற்றிச் சொல்லியிருக்கின்றார். அப்படிப்பட்டவர் 2020 முதல் 2022 வரை அமெரிக்காவின் இளையோர் இலக்கியத் தூதுவராகத் திகழ்ந்தார். வாசிக்காத பிள்ளைக்காகவே எழுதுகின்றவர் என்பது நடையில் தெரிகின்றது. அத்தியாயங்கள் ஓடுகின்றன, சிறுவன் தன் வாயால், தன் தெருப் பேச்சிலே, சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்கின்றான். துன்பக் கதை என்று அஞ்சி எவரும் ஒதுக்க வேண்டியதில்லை. குழுவின் மற்றை மூவருக்கும் அவர் பின்னர் ஒவ்வொரு நாவல் எழுதினார்.

கடைசிக் காட்சியைச் சொல்ல வேண்டும். முதற் போட்டி. தாய் பார்வையாளரிடையே இருக்கின்றாள். சிறுவன் நூறு மீற்றர்க் கோட்டிலே குனிகின்றான். துவக்கு உயர்கின்றது. ஓடுவதற்கு முந்திய அந்தக் கணத்தில் அவன் அசையாமல் நிற்க வேண்டும் என்பதே விதி. மூன்றாண்டுகளுக்கு முன் அவனைத் துரத்திய ஓசைக்கு, இப்போது தானே இசைந்து, காது கொடுத்துக் காத்திருக்கின்றான். வெடிக்கின்றது. நாவல் அங்கேயே நின்றுவிடுகின்றது. வென்றானா, எத்தனையாம் இடம் என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. சிலர் இதனை ஏமாற்றம் என்பார்கள். என் கணிப்பில் இதைவிட நேர்மையான முடிவு இக்கதைக்கு இல்லை. அவன் அந்த ஓசைக்கு நின்றான் என்பதே செய்தி. பதக்கம் வேறு விடயம்.

எங்கள் பகுதிப் பள்ளிகளில் ஆண்டின் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும். வெண்சுண்ணாம்புக் கோடு இழுத்து, இல்லக் கொடி கட்டி, பந்தல் போட்டு ஊரே கூடும். தொடக்கக் கோட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கு இந்நாவலை வாசிக்கும்படி சொல்லுவேன். துவக்கு உயரும்போது காதைப் பொத்துகின்ற பிள்ளை, ஓசை கேட்டதும் ஓடாமல் இருந்துவிடுகின்ற பிள்ளை, எல்லோருக்கும் முந்திக் கிளம்பி மூன்று முறை திருப்பி அழைக்கப்படுகின்ற பிள்ளை ஆகியோரை அவர்கள் வேறு கண்ணால் பார்க்கக்கூடும். விசில் ஊதியும் தொடங்கலாம். பலகை இரண்டைத் தட்டியும் தொடங்கலாம். போருக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு அது வேண்டாம் என்று தோன்றலாம். ஆனால் பந்தலிலே இருந்து பார்க்கும் தாயின் தோளையும் ஒரு முறை கவனித்துவிட்டுத் தீர்மானிக்கலாம்.